ஏன் இந்த எலிக்கு மட்டும்?

ஜவ்வாது மலைன்னு சொன்னாலே நமக்கு ஞாபகம் வர்றது பீமன் அருவியும் காவலூர் வானாய்வகமும்தான். அமெரிக்காவில் படிச்சு முடிச்சு, நாடு திரும்பி, 1960களில் அந்தக் காட்டுக்குள்ள தொலைநோக்கியைக் கொண்டுவந்து நிறுத்தினவர் வைணு பாப்பு. கிட்டத்தட்ட அதே தலைமுறையில், அதே மாதிரி அமெரிக்கா போய்த் திரும்பிய ஒரு பெண் பம்பாயில் ஒரு ஆய்வகத்தை எழுப்பினார். பாப்பு பார்த்தது நட்சத்திரத்தை. இவர் பார்த்தது செல்லை. பெயர் கமல் ரணதிவே. பாப்புவைத் தெரிஞ்ச அளவுக்கு நம்மில் பலருக்கு இவரைத் தெரியாது.

1917 நவம்பர் 8, புனே. அப்பா தினேஷ் தத்தாத்ரேய சமர்த், ஃபெர்குசன் கல்லூரியில் உயிரியல் பேராசிரியர். மகள் டாக்டருக்குப் படிக்கணும், ஒரு டாக்டரையே கல்யாணம் பண்ணிக்கணும்னு அவருக்கு ஆசை. ரெண்டுமே நடக்கல. கமல் தாவரவியலும் விலங்கியலும் படிச்சார், 1939இல் ஜே. டி. ரணதிவே என்ற கணிதவியலாளரைத் திருமணம் செய்துகொண்டார். அப்புறம் பம்பாய். அங்கே டாடா நினைவு மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே, நோய்க்குறியியல் மேதை வி. ஆர். கனோல்கரிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தார். 1949இல் முனைவர் பட்டம்.

அந்தக் காலத்தில் புற்றுநோய்னா விதி, முன்வினைன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. ஆனா ஆய்வகங்களில் வேற கதை நடந்துட்டிருந்தது. 1915இல் ஜப்பானில் யாமகிவாவும் இச்சிகாவாவும் முயலின் காதில் திரும்பத் திரும்ப நிலக்கரித் தாரைத் தடவி, அந்த இடத்தில் புற்றுநோயை வரவைத்துக் காட்டினார்கள். ஆக, ஒரு ரசாயனம் போதும். 1932இல் பிரான்சில் லகசான் ஆண் சுண்டெலிகளுக்குப் பெண் ஹார்மோனைக் கொடுத்தார். ஆண் எலிகளுக்கே மார்பகப் புற்று வந்தது. ஆக, ஹார்மோனும் காரணம். 1936இல் அமெரிக்காவில் பிட்னர் இன்னொரு குண்டு போட்டார். அடிக்கடி புற்று வரும் எலி வம்சத்தின் குட்டிகளை, புற்று அதிகம் வராத வம்சத்துத் தாயிடம் பால் குடிக்க விட்டார். நோய் வெகுவாகக் குறைந்தது. தாய்ப்பாலில் ஏதோ ஒண்ணு போகுது. அது ஒரு வைரஸ்னு பிறகுதான் தெரிந்தது.

சரி, இதில் எதுதான் உண்மையான காரணம்? ரணதிவே வேலையை ஆரம்பிச்ச இடம் இதுதான்.

அவர் வெவ்வேறு எலி வம்சங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். இந்த வம்சம்ங்கிறது சாதாரண விஷயமில்ல. உடன்பிறந்த எலிகளையே 20 தலைமுறைக்குக் குறையாமல் இணைசேர்த்தால்தான், மரபணு அளவில் ஏறக்குறைய ஒரே அச்சான எலிகள் கிடைக்கும். நம்ம பாஷையில் சொன்னா, மத்த மாறிகளை எல்லாம் நிலையா வெச்சுட்டு ஒண்ணை மட்டும் மாத்திப் பார்க்கிற ஏற்பாடு. அதில் தெரிந்தது என்னன்னா, பரம்பரை, ஹார்மோன், பாலில் வரும் வைரஸ் மூணும் ஒண்ணோட ஒண்ணு கைகோர்த்து வேலை செய்யுது. வைரஸ் உள்ளே இருந்தாலும், ஹார்மோன் தூண்டுதல் இல்லைன்னா நோய் தலைகாட்டாமலே போகலாம். ஹார்மோனுக்கும் கட்டி உண்டாக்கும் வைரஸுக்கும் உள்ள இந்த உறவை முதலில் கண்டுகொண்டவர்களில் ரணதிவேயும் ஒருவர்.

எலியை மட்டும் பார்த்தா போதாது, செல்லைத் தனியா வளர்த்துப் பார்க்கணும். அதைக் கற்க ராக்ஃபெல்லர் உதவித்தொகையில் பால்டிமோருக்குப் போனார். குரு ஜார்ஜ் கே. ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் அனுமதி இல்லாமலே எடுக்கப்பட்ட செல்களை 1951இல் அழியாமல் வளர்த்தது இவருடைய ஆய்வகம்தான். மெதுவாகச் சுழலும் உருளையில் குழாய்களைச் செருகி செல் வளர்க்கும் முறையும் இவருடையதே. ரணதிவே திரும்பி வந்து, பம்பாயில் இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில், நாட்டின் முதல் திசு வளர்ப்பு ஆய்வகத்தை அமைத்தார். கேட்க ஈஸியா இருக்கும். ஆனா 37 டிகிரி வெப்பம் இம்மி பிசகக் கூடாது. காற்றில் வரும் ஒரே ஒரு பூஞ்சை வித்து போதும், பல வார உழைப்பு பாழ்.

1966 முதல் 1970 வரை அந்த மையத்தையே இயக்குநராக நடத்தினார். புற்று எப்படி உருவாகுது, செல் உயிரியல், நோயெதிர்ப்பு ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பிரிவுகள் தொடங்கினார். தொழுநோய் ஆய்விலும் அவர் குழுவுக்குப் பங்குண்டு. அவர்கள் பிரித்தெடுத்த கிருமியிலிருந்து பின்னாளில் உருவான தடுப்பூசி, நம்ம செங்கல்பட்டுப் பக்கம் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. 1973இல் இந்தியப் பெண் விஞ்ஞானிகள் சங்கத்தைத் தொடங்க முன்னின்றார். 1982இல் பத்ம பூஷண்.

ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்கல. மகாராஷ்டிராவின் அகமத்நகர் மாவட்டத்தில் அகோலா பக்கத்துப் பழங்குடிக் குழந்தைகள் என்ன சாப்பிடுறாங்க, உடம்பு எப்படி இருக்குன்னு தகவல் சேகரித்தார். ஜவ்வாது மலையில் இருக்கிற மாதிரியான சின்னச் சின்ன ஊர்கள்தான் அவையும். எலிகளுக்குக் கேட்ட அதே கேள்விதான் இங்கேயும்: ஏன் இந்தக் குழந்தைக்கு மட்டும்? 2001 ஏப்ரல் 11இல் அவர் மறைந்தபோது நம்மில் பலர் பிறக்கவே இல்லை.

அவர் வாழ்க்கையிலிருந்து ஒண்ணு மட்டும் எடுத்துக்கலாம் நண்பர்களே. பல காரணங்கள் சேர்ந்துதான் நோய் வருதுன்னா, அது பயமுறுத்துற செய்தி இல்லை. சங்கிலியில் கண்ணிகள் பல இருக்குன்னு அர்த்தம். பரம்பரையை மாற்ற முடியாது. ஆனா புகையிலையை விடலாம், சில வைரஸ்களுக்கு ஊசி போட்டுக்கலாம். எந்தக் கண்ணி நம்ம கைக்கு எட்டுதோ அதை அறுத்தாலே போதும்.