தவிட்டில் உயிர் கண்டவர்

புழுங்கல் அரிசிச் சோறுண்டு வளர்ந்தவர்கள் நாம். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்தில் ஒரு பங்கு அரிசிமணிக்குள் இறங்கிவிடுகிறது. பின்பு குற்றினாலும் அது முற்றாகப் போய்விடுவதில்லை. ஆனால், ஆலையில் வெள்ளை வெளேரெனத் தீட்டிய பச்சையரிசியையே நம்பியிருந்த கீழைத்தேச மக்கள் பலர் பெரிபெரி நோயால் மாண்டார்கள். கால் மரத்து, உடல் வீங்கி, இருதயம் சோர்ந்துபோகும் நோய் அது.

அந்நோயை எதிர்த்து வாழ்நாளெல்லாம் உழைத்தவர் றொபேட் வில்லியம்ஸ். இவர் 1886ஆம் ஆண்டு, தென்னிந்தியாவின் நெல்லூரில் அமெரிக்க மிஷனரிமாரின் மகனாகப் பிறந்தார். 1910இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் மனிலாவில் இரசாயன ஆய்வாளராக இருந்தபோது, எட்வேட் வெடர் என்னும் இராணுவ வைத்தியர் இவரிடம் தவிட்டுச் சாற்றைக் கொடுத்து, அதில் நோயைத் தீர்க்கும் பொருள் எதுவெனக் கண்டறியச் சொன்னார். தாய்ப்பாலில் அச்சத்து இல்லாமையால் சாகும் தறுவாயில் கிடந்த குழந்தையொன்றின் வாயில் வில்லியம்ஸ் அச்சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டார். சில மணி நேரத்தில் குழந்தை தேறியது. அக்காட்சியை அவர் மறக்கவேயில்லை.

அமெரிக்கா திரும்பியபின் தொலைபேசி ஆய்வுகூடமொன்றில் தொழில் பார்த்தார். பகலில் ஊதியத்துக்கு உழைப்பு. ஓய்வு வேளைகளில் தவிட்டு ஆராய்ச்சி. சொந்தப் பணத்தையும் அதில் செலவிட்டார். 1926இல் ஜாவாவில் யான்சன், டொனாத் என்னும் இருவர் அப்பொருளைப் பளிங்காகப் பிரித்தெடுத்தனர். ஆனால் கிடைத்ததோ மிகச் சொற்பம். வில்லியம்ஸ் அதன் அமைப்பைத் துலக்கி, 1936இல் செயற்கையாகவே ஆக்கிக் காட்டினார். தயமின் எனப்படும் விற்றமின் பீ1 இதுவே. மனிலாக் குழந்தையிலிருந்து இதுவரை 26 ஆண்டுகள்!

இனிச் செல்வந்தராய் இருந்துவிடலாம் அல்லவா? அவரோ காப்புரிமைப் பணத்தின் பெரும்பங்கை உணவுக் குறைபாட்டு நோய்களை ஒழிக்கும் நிதியமொன்றுக்கு ஒதுக்கினார். 1941இல் அமெரிக்காவில் கோதுமை மாவுக்குச் சத்தேற்றும் பணி தொடங்கியபோது அதில் முன்னின்றார். 1948இல் பிலிப்பைன்சின் பட்டான் மாகாணத்தில், வைத்தியர் ஹுவான் சல்சேடோவுடன் சேர்ந்து, 200 பங்கு அரிசிக்கு ஒரு பங்கு சத்தேற்றிய அரிசியைக் கலந்து மக்களுக்குக் கிடைக்கச் செய்தார். அவ்வரிசியை உண்ட பகுதியில் பெரிபெரி மரணங்கள் வெகுவாகக் குறைந்தன.

1952இல் அந்நாட்டில் சட்டமும் வந்தது. ஆயினும் ஆலைக்காரர் பலர் ஒத்துழையாமையால் திட்டம் தளர்ந்தது. அறிவு கண்ட மருந்தை அக்கறையின்மை தடுத்தது. வில்லியம்ஸ் 1965இல் காலமானார்.

வாசகரே, அவர் தேடிய மருந்து மாடு கோழிகளுக்குக் கொட்டும் தவிட்டில் இருந்தது. அதைக் காண ஒரு குழந்தையின் துன்பம் அவரைத் தொடவேண்டியிருந்தது. நம் அயலிலும் பசியால் வாடும் குழந்தை இருக்கலாம். நம் கண்ணில் படுகிறதா?