சகுனத்துக்கு அஞ்சாத தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்

ஜார்ஜ்டவுன் ஆனாலும் தோட்டப்புறம் ஆனாலும், தமிழ் கிறிஸ்துவ ஆலயங்களில் கீர்த்தனை பாடும்போது அடிக்கடி வரும் பெயர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு, இவர் வேறு. இவருடைய பாடல்களை அறிந்த பலர் இவரது போராட்டத்தை அறிந்ததில்லை.

1774 செப்டம்பர் 7-ஆம் தேதி பாளையங்கோட்டையில் பிறந்தார். பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றியது 1786-இல். அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஜெர்மானிய குருவான சுவார்ட்ஸ் ஐயர் இச்சிறுவனைத் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்றார். பின்னர் மன்னரான சரபோஜியும் அதே சுவார்ட்ஸிடம் பயின்றவர். தரங்கம்பாடியில் வேதம் கற்ற வேதநாயகம், இளம் வயதிலேயே தஞ்சைப் பள்ளியின் தலைமை ஆசிரியரானார். 1800-இல் பெத்லகேம் குறவஞ்சி பாடினார்.

தம் இஷ்ட தெய்வத்தின் மீது பாடும்படி சரபோஜி கேட்டபோது, சாஸ்திரியார் பணிவோடு மறுத்துவிட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மன்னரும் நட்பை முறித்துக்கொள்ளவில்லை.

நேரே வந்து கேட்டால் மறுத்துவிடலாம். பொய்ப் போதனை எப்போதும் அப்படிப் பெயர் சொல்லிக்கொண்டு வாசலுக்கு வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகும் குடும்பமே, பெண் பார்க்கப் புறப்படும்போது பூனை குறுக்கே வந்தால் திரும்பிவிடும். நம்பிக்கை ஓரிடம், பயம் ஓரிடம். லெபோ ஃபார்குவாரில் செயின்ட் ஜார்ஜ் ஆலயம் எழும்புவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1814-இல், அவர் சாஸ்திரக் கும்மி எழுதினார். தமிழரிடையே ஊறிப்போன மூடநம்பிக்கைகளைச் சாடும் நூல் அது. பிரசங்கமாகச் சொல்லாமல், பெண்கள் கைகொட்டிப் பாடும் கும்மியாகவே கொடுத்தார். பயம் வீட்டுக்குள் இருந்தது. மருந்தும் வீட்டுக்குள் போக வேண்டியிருந்தது.

பின்னர் வந்த இளம் மிஷனரிகள், பப்ரிசியஸ் மொழிபெயர்த்த பழைய தமிழ் வேதத்தையும் ஞானப்பாட்டுகளையும் திருத்த முனைந்தனர். சொல் மாறினால் விசுவாசமும் சிதையும் என்று அஞ்சிய சாஸ்திரியார் அதையும் எதிர்த்து எழுதினார்.

ஆனால் அவர் வாழ்க்கையில் இன்னொரு பக்கமும் உண்டு. ஆலயத்தில் சாதி வேறுபாடு கூடாது என்று அதே மிஷனரிகள் சொன்னபோது, பழைய வழக்கத்துக்காகவே வாதாடினார். பணி பறிபோனது. 1829-இல் சரபோஜி அவரை அரசவைப் புலவராக்கி ஆதரித்தார். 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதிக்கு இடமில்லை என்று உத்தரவிட்டார்.

சகுனத்தைக் கண்டுகொண்ட கண்ணுக்குச் சாதி தெரியாமல் போனது. பிறர் வீட்டுப் பிழை எளிதில் தெரியும். பிறந்தது முதல் பழகிய பிழை வழக்கம் என்ற பெயரில் உட்கார்ந்திருக்கும். விசுவாசத்தைக் காக்க நினைப்பவர் முதலில் சோதிக்க வேண்டியது தம் வீட்டைத்தான்.

நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதிய அவர், 1864 ஜனவரி 24-ஆம் தேதி, 89-ஆம் வயதில் மறைந்தார். கடல் கடந்து வந்த தமிழரோடு அவர் பாட்டும் வந்தது. கீர்த்தனை எழுதியவரின் பலத்தோடு பலவீனத்தையும் அறிந்து பாடுவதே, அவருக்கும் அவர் காக்க நினைத்த விசுவாசத்துக்கும் செய்யும் நியாயம்.