ஒரே அறையில் ஒரு குடும்பம்: கர்தினால் மானிங் ஆண்டகை



கர்தினால் மானிங் ஆண்டகை என்றதும், 1889-ம் ஆண்டில் லண்டன் துறைமுகக் கூலிகளின் வேலைநிறுத்தத்தைச் சமாதானமாய் முடித்து வைத்தவர் என்றே பலரும் சொல்வார்கள். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவர் ஏற்ற வேறொரு வேலை அவ்வளவாய்ப் பேசப்படுவதில்லை.

ஹென்றி எட்வர்ட் மானிங் 1808-ல் செல்வக் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் இங்கிலாந்து வங்கியின் கவர்னராயிருந்து, பின்பு தொழில் நொடித்துப் போனவர். மகன் ஆங்கிலிக்கன் சபையில் போதகராகி மணம் முடித்தார். நான்கு ஆண்டு நிறையுமுன் மனைவி காசநோயால் இறந்தார். 1851-ல் சத்திய திருச்சபையில் சேர்ந்து குருப்பட்டம் பெற்றார். 1865-ல் வெஸ்ட்மின்ஸ்டர் அதிமேற்றிராணியாரானார், 1875-ல் கர்தினாலானார்.

அவருடைய மந்தையில் பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். அறைக்கு ஒரு குடும்பம். தகப்பன், தாய், வளர்ந்த பிள்ளைகள், சில வேளை அடக்கத்துக்குக் காசில்லாமல் கிடத்திய பிரேதமும் அதே நான்கு சுவருக்குள். பல குடும்பங்களுக்கு ஒரே கக்கூசு. தண்ணீர்க் கம்பெனிகள் சிறிது நேரமே தண்ணீர் விடும். வீட்டுக்காரன் தீர்வை கட்டாவிட்டால் அதுவும் நின்றுவிடும். மேற்றிராசனத்துக்குப் பெரிய கோவில் கட்ட எல்லாரும் துடித்தபோது, ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளே முதலில் என்று ஆண்டகை தள்ளி வைத்தார். அவர் கண்மூடிய பின்பு, 1895-ல்தான் அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது.

1884-ல் ஏழைகளின் குடியிருப்பை விசாரிக்க அரசாங்கம் ஒரு கமிஷன் அமைத்தது. சர் சார்லஸ் டில்க் தலைவர். பட்டத்து இளவரசரும் ஓர் அங்கத்தினர். இளவரசரின் பெயரை அடுத்து மானிங் ஆண்டகையின் பெயர் எழுதப்பட்டது. கத்தோலிக்கரை நெடுங்காலம் ஒதுக்கி வைத்த நாட்டில் இது சின்னக் காரியமல்ல.

1885-ல் வந்த அறிக்கையைப் படித்தால் நெஞ்சு கனக்கும். தொழிலாளரில் ஏறக்குறையப் பாதிப்பேர் வருமானத்தில் கால்பங்கு முதல் அரைப்பங்கு வரை வாடகைக்கே கொடுத்தார்கள். தூரமாய்ப் போய்க் குடியிருக்கலாமே என்றால், விடியற்காலை துறைமுக வாசலில் நில்லாதவனுக்கு அன்றைய கூலி இல்லை. தெருவை அகலப்படுத்த வீடுகளை இடித்தால், அடுத்த தெரு இன்னும் நெருக்கமாயிற்று. சட்டம் இல்லாமலில்லை. அதை நடத்த வேண்டிய பேட்டைச் சபைகள் நடத்தவில்லை. கிளார்க்கன்வெல் பேட்டையில், வீடுகளைக் குத்தகைக்கு எடுத்து அறையறையாய் வாடகைக்கு விட்டவர்களே பத்துப் பேருக்கு மேல் சபையில் உட்கார்ந்திருந்தார்கள். திருடன் கையில் சாவி கொடுத்த கதைதான்.

மதுவிலக்குக்கென்று சிலுவைச் சங்கம் நிறுவியவர் ஆண்டகை. குடியால்தான் ஏழை கெட்டான் என்று பிரசங்கிப்பது எங்களைப் போன்ற குருக்களுக்கு எளிது. அவர் இருந்த கமிஷனோ, குடி வறுமைக்குக் காரணம், வறுமையும் குடிக்குக் காரணம் என்று இரண்டையும் எழுதியது. உட்கார இடமில்லாத அறையிலிருந்து மனிதன் வேறெங்கே போவான்?

அந்த ஆண்டே ஒரு சட்டமும், 1890-ல் இன்னும் உறுதியான சட்டமும் வந்தன. ஆண்டகை 1892 ஜனவரி 14-ந் தேதி ஆண்டவரில் நித்திரையடைந்தார். அந்தச் சட்டத்தின்படி பெத்னல் கிரீன் பகுதியின் ஒரு சேரியை இடித்து, லண்டன் கவுண்டி கவுன்சில் கட்டிய பவுண்டரி தெருக் குடியிருப்பை, அவரோடு கமிஷனில் இருந்த அதே இளவரசர் 1900-ல் திறந்து வைத்தார். வீடுகள் நல்லவை, வாடகைதான் அதிகம். இடிக்கப்பட்ட சேரியின் ஐயாயிரத்துச் சொச்சம் பேரில் மிகச் சிலரே அங்கே திரும்பிக் குடியேறினார்கள். மற்றவர்கள் பக்கத்துத் தெருக்களில் அறை தேடிப் போனார்கள்.