கருங்காய்ச்சலின் மூலத்தைக் கண்ட டாக்டர் சார்லஸ் டோனவன்

நோய் தீர்க்கும் மருந்தைக் கண்டவரை உலகம் போற்றுகின்றது. நோய் இன்னதென்று முதலில் கண்டு சொன்னவரை அது அவ்வளவாக நினைப்பதில்லை. ஆயினும் நோய் தெரியாமல் கொடுக்கும் மருந்து, விலாசம் தவறாக எழுதி வண்டியில் ஏற்றிய பார்சலைப் போன்றது. வண்டியும் ஓடும், கூலியும் செலவாகும், பொருள் மட்டும் சேர வேண்டிய இடத்தைச் சேராது. ரயில்வே குமாஸ்தாவாகப் பல ஆண்டுகள் பார்சல்களோடு பழகியவனாதலால், இவ்வுண்மையை நான் நன்கு அறிவேன். அதனாலேயே நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குப் பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு அன்பர்கள் பணித்தபொழுது, சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் பணி புரிந்த டாக்டர் டோனவன் அவர்களின் வரலாறு என் நினைவுக்கு வந்தது.

இளமை

டோனவன் ஐரிஷ் குடியைச் சேர்ந்தவர். எனினும் பிறந்தது நம் நாட்டு மண்ணிலேயாம். 1863ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் இந்திய சிவில் சர்வீஸில் நீதிபதியாக இருந்தவர். அவருடைய ஒன்பது மக்களுள் இவரே மூத்தவர். தொடக்கக் கல்வியை இந்தியாவிலேயே கற்றார். பதின்மூன்றாம் வயதில் பெற்றோரைப் பிரிந்து கடல் கடந்து, அயர்லாந்தின் கார்க் பகுதியில் பாதிரியாராக இருந்த பாட்டனாரிடம் அனுப்பப்பட்டார். பிழைப்பின் பொருட்டுச் சமவெளியை விட்டு இம்மலைக்கு ஏறி வந்த குடும்பங்களிற் பிறந்த நமக்கு, அப்பிரிவின் துயரை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

டப்ளின் நகரத்து டிரினிட்டி கல்லூரியில் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், 1891இல் இந்திய மருத்துவப் பணியிற் சேர்ந்து நாடு திரும்பினார். பர்மா முதலிய பல இடங்களில் பணியாற்றிய பின், 1898இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராகவும், பெரிய ஆஸ்பத்திரியில் மருத்துவராகவும் அமர்ந்தார். அது முதல் ஓய்வு பெறும் வரையில் சென்னையே அவருக்கு ஊராயிற்று.

பெயர் தவறிய காய்ச்சல்

அக்காலத்தில் காய்ச்சல் என்றால் மலேரியா. மலேரியா என்றால் கொயினா. கொசுவின் உடலில் மலேரியாக் கிருமி வளர்வதை ரொனால்டு ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டு சொல்லிச் சில ஆண்டுகளே கழிந்திருந்தன. மண்ணீரல் வீங்கி வயிறு பருத்து வருவோரையெல்லாம் மலேரியா நோயாளிகள் என்றே பதிவேட்டில் எழுதினர். ஆனால் அவர்களுள் ஒரு சாராருக்குக் கொயினாவை எவ்வளவு கொடுத்தும் காய்ச்சல் தணியவில்லை. மாதக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ந்தது; கையும் காலும் குச்சியாயின; மேனி கறுத்தது; முடிவில் பெரும்பாலோர் மடிந்தனர். அஸ்ஸாமிலும் வங்காளத்திலும் இந்நோயைக் காலா அஸார் என்றனர். கருங்காய்ச்சல் என்று நாம் சொல்லலாம். அங்கே ஊர் ஊராக மக்களை வாரிக்கொண்டு சென்ற கொடிய நோய் அது.

டோனவன் நோயாளியின் இரத்தத்தைப் பாராமல் காய்ச்சலுக்குப் பெயர் வைக்க விரும்பவில்லை. இத்தகையோரின் இரத்தத்துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமிட்டு, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்தார். மலேரியாக் கிருமி அகப்படவில்லை. அப்படியாயின் இது வேறு நோய் அன்றோ என்னும் ஐயம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

ஒரு சிறுவனும் ஒரு துளி இரத்தமும்

1903ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், இவ்வாறு இறந்தோரின் மண்ணீரலைச் சோதித்தபோது, முட்டை வடிவான மிகச் சிறிய உருக்கள் அவர் கண்ணிற் பட்டன. அவை எவை என்று அவருக்கு விளங்கவில்லை. இறந்தபின் உடல் அழியும்போது தோன்றும் சிதைவாகவும் இருக்கலாம் அல்லவா?

இந்நிலையில் இங்கிலாந்திலிருந்து ஒரு கட்டுரை வந்து சேர்ந்தது. கல்கத்தாவை அடுத்த டம்டம் பாசறையில் காய்ச்சல் கண்டு, தாய்நாடு திரும்பி இறந்த ஒரு படைவீரனின் மண்ணீரலில், 1900இல் இதே உருக்களைக் கண்டதாக வில்லியம் லீஷ்மன் என்னும் இராணுவ மருத்துவர் மே 30ஆம் நாள் வெளியிட்டிருந்தார். அவை ஆப்பிரிக்கத் தூக்கநோயை உண்டாக்கும் இனத்துக் கிருமிகள் சிதைந்த நிலை என்பது அவர் கருத்து. அவர் கண்டதும் இறந்தவர் உடலிலேயே.

வழக்கைத் தீர்க்கும் சாட்சி உயிருள்ள நோயாளியிடமிருந்தே வர வேண்டும் என்பதை டோனவன் உணர்ந்தார். ஆனால் அது எளிதன்று. வீங்கிய மண்ணீரல் மென்மையானது; ஊசி குத்தினால் உள்ளே இரத்தம் கசிந்து உயிருக்கே ஊறு நேரலாம். நோய் தெரியாமல் விட்டாலோ சாவு ஏறக்குறைய உறுதி. இரண்டு அபாயங்களையும் சீர்தூக்கிப் பார்த்து, 1903 ஜூன் 17ஆம் நாள், முறை தவறிய காய்ச்சலால் வருந்திய பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனின் மண்ணீரலிலிருந்து ஊசியால் சிறிது இரத்தம் எடுத்தார். அவன் இரத்தவோட்டத்தில் மலேரியாக் கிருமி இல்லை. மண்ணீரலின் துளியிலோ அதே முட்டை வடிவ உருக்கள் நிறைந்திருந்தன!

உயிரோடிருக்கும் உடலிலேயே காண்பதால் அவை சாவின் சிதைவு அல்ல, நோயின் மூலமே என்பது தெளிவாயிற்று. அச்சிறுவனை ஒரு நோயாளி என்ற அளவிலேயே வரலாறு அறியும். ஆனால் அவன் தந்த ஒரு துளியே பிற்காலத்தில் எண்ணற்றோர்க்கு உயிர்ப்பிச்சை ஆயிற்று.

பெயர் பிறந்த கதை

டோனவனின் செய்தி ஜூலை 11ஆம் நாள் இலண்டன் மருத்துவ இதழில் வெளிவந்தது. தகடுகள் பாரிஸிலிருந்த பேரறிஞர் லாவரனுக்கும் சென்றன. அவரோ, உண்ணியால் மாடுகளுக்கு வரும் காய்ச்சலின் கிருமியோடு இது ஓரினம் என்றார். கால்நடைப் பண்ணையை அருகில் வைத்து வாழும் மாட்டுப்பட்டி அன்பர்களுக்கு அந்த உண்ணிக் காய்ச்சல் புதிதன்று. லீஷ்மன் ஒன்று சொல்ல, லாவரன் மற்றொன்று சொல்ல, முதலிற் கண்டவர் யார் என்ற வாதமும் கிளம்பியது. முடிவில் ராஸ், இது இரண்டிலும் சேராத புத்தினம் என்று கூறி, இருவர் பெயரையும் இணைத்து லீஷ்மேனியா டோனவானி என்று அதே ஆண்டில் பெயர் சூட்டினார். அப்பெயரே இன்றளவும் நிலைத்திருக்கிறது.

நோய் பரவும் வழியை அறிவதில் டோனவனுக்கு வெற்றி கிட்டவில்லை. மூட்டைப்பூச்சி முதலியவற்றின்மேல் அக்காலத்தார் ஐயம் கொண்டு பல ஆண்டுகளைச் செலவிட்டனர். மணல் ஈ என்னும் சிறு பூச்சியே அதனைப் பரப்புகிறதென்று 1942இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்ஸன் ஆகிய மூவரும் ஐயமற நிறுவினர். அதற்கு முன்னரே, 1920களில், கல்கத்தாவில் டாக்டர் உபேந்திரநாத் பிரமச்சாரி தாம் கண்ட யூரியா ஸ்டிபமைன் மருந்தினால் நோயைத் தீர்க்க வழி கண்டார். டோனவன் விலாசத்தைச் சரியாக எழுதினார்; பிரமச்சாரி பொருளைக் கொண்டு சேர்த்தார் என்று எங்கள் பாஷையில் சொல்லலாம்.

பிற்காலம்

1905இல் பெரிய ஆஸ்பத்திரியின் ஊழியன் ஒருவனின் வாய்ப்புண்ணைச் சோதித்து, மற்றொரு தொற்றுநோயின் அடையாளத்தையும் டோனவன் கண்டார். அவ்வுருக்கள் டோனவன் உருக்கள் என்றே வழங்கப்பெறுகின்றன. 1911இல் தொடங்கிய இராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு அவரே முதல் கண்காணிப்பாளர். 1919இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்று, வண்ணத்துப்பூச்சிகளை ஆராய்வதில் பொழுதைக் கழித்தார். அயர்லாந்தின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் தொகுத்து 1936இல் ஒரு நூல் வெளியிட்டார். சிறு உருவங்களைப் பொறுமையோடு உற்று நோக்கும் பழக்கம் அவரை இறுதிவரை விடவில்லை. 1951 அக்டோபர் 29ஆம் நாள், தமது 88ஆம் வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

நாம் கொள்ள வேண்டுவது

2023இல் வங்காள தேசம் கருங்காய்ச்சலை வென்றுவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நம் நாட்டிலும் அது மிகவும் குறைந்துள்ளது. எனினும் அகத்தியமலைக் காடுகளில் வாழும் காணி மக்களிடையே, இக்கிருமியால் விளையும் தோற்புண் இருப்பதை அண்மைக் காலத்து ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில் வாழும் நாம் இதனை அறிந்திருத்தல் நன்று.

இதனை எழுதும் நானும் குற்றமற்றவன் அல்லேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மகளுக்குக் காய்ச்சல் கண்டபோது, வீட்டில் மிச்சமிருந்த மாத்திரைகளை நானே கொடுத்து எட்டு நாட்களைக் கழித்தேன். இரத்தம் சோதிக்க மலையிறங்கிப் போக வேண்டுமே என்ற சோம்பல்தான் காரணம். ஒன்பதாம் நாள் சோதித்தபோது டைபாய்டு என்று தெரிந்தது. குழந்தை பிழைத்தாள், ஆனால் அந்த எட்டு நாட்களை நினைத்தால் இன்றும் என் நெஞ்சு நடுங்குகிறது.

ஆகவே, சங்கத்துச் சகோதர சகோதரிகளே! வீட்டில் காய்ச்சல் கண்டால் நாமே அதற்குப் பெயர் வைத்துவிட வேண்டாம். மூன்று நாட்களுக்கு மேல் நீடித்தால் நாள் கடத்தாமல் இரத்தத்தைச் சோதிக்கச் செய்வோம். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனின் படுக்கையருகே நின்று, பாராமல் பெயர் சொல்ல மறுத்த அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.