குன்றில் கண்ட வண்ணங்கள்

நெதர்லாந்தில் பிறந்த ஓவியர் வின்சென்ட் வான்கா, 1886ஆம் ஆண்டு தம்பி தியோவை நாடிப் பாரிசு நகருக்கு வந்தார். அவ்வாண்டே இருவரும் மோன்மார்த்தர் குன்றுப் பகுதியில் குடியேறினர். காற்றாலைகளும் மதுக்கூடங்களும் சூழ்ந்த அப்பகுதி, மரபை மீறிய கலைஞர்களின் புகலிடமாக விளங்கியது. அங்கே துலூசு லொத்ரெக், எமில் பெர்னார் முதலிய இளம் ஓவியர்களின் நட்பு அவருக்குக் கிட்டியது. ஜூலியன் தாங்கி என்னும் கடைக்காரர், பணத்திற்கு ஈடாக ஓவியங்களைப் பெற்றுக்கொண்டு வண்ணங்களை வழங்கினார். வான்காவோ தம்பியின் பொருளுதவியால் வாழ்ந்தவர். மாதிரியாக அமர்வோர்க்கு ஊதியம் அளிக்க இயலாமையால், கண்ணாடியில் தம் முகத்தையே நோக்கி இருபதுக்கும் மேற்பட்ட தன்னுருவ ஓவியங்களைத் தீட்டினார். அதுவரை இருண்ட மண்நிறங்களில் தோய்ந்திருந்த அவரது தூரிகை, மஞ்சளையும் நீலத்தையும் பழகியது. நகர வாழ்வில் களைப்புற்று, 1888இல் தெற்கேயுள்ள ஆர்ல் நகருக்குச் சென்றார். ஆயினும், அக்குன்றில் கற்ற ஒளி அவரைவிட்டு நீங்கவில்லை.