புல்வெளியில் உறங்கிய வித்து

1843 ஆம் ஆண்டு டிசம்பர் 11 ஆம் நாள், ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப்பகுதியிலுள்ள கிளவுஸ்தால் என்னும் சுரங்க ஊரில் இராபர்ட் கோக் பிறந்தார். கேட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். 1872 இல் வோல்ஸ்டைன் என்னும் சிற்றூருக்கு அரசு மருத்துவராகச் சென்றார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது.

அவ்வட்டாரத்து உழவர்களை அந்நாளில் பெரிதும் வாட்டியது அடைப்பான் நோய். ஆந்த்ராக்ஸ் என்பதும் அதுவே. மாலையில் நலமாகப் பட்டிக்குத் திரும்பிய ஆடு, காலையில் மாண்டு கிடக்கும். மனிதரையும் அந்நோய் விட்டுவைக்கவில்லை. இறந்த விலங்கின் குருதியில் கோல் வடிவ நுண்ணுயிர்கள் இருப்பதை வேறு சிலர் முன்னரே கண்டிருந்தனர். ஆயினும் ஒரு புதிர் எஞ்சியது. உலர்ந்த குருதியில் அக்கோல்கள் விரைவில் மடிந்துவிடும். அவ்வாறிருக்க, ஆண்டுகள் பல கழிந்த பின்னும் அதே புல்வெளியில் மேய்ந்த ஆடுகள் இறந்தது எவ்வாறு?

கோக்கிடம் ஆய்வுக்கூடம் இல்லை. நோயாளிகளைப் பார்க்கும் அறையைத் திரையால் தடுத்து, ஒரு மூலையில் நுண்ணோக்கியை வைத்துக்கொண்டார். மெல்லிய மரச்சிராயைச் சூடேற்றித் தூய்மையாக்கி, நோயுற்ற விலங்கின் குருதியில் தோய்த்து, அதனைக் கொண்டே சுண்டெலிகளுக்கு நோயை ஏற்றினார். மாட்டுக் கண்ணினுள் இருக்கும் தெளிந்த நீரில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் தொங்கவிட்டு, இளஞ்சூட்டில் அக்கோல்களை வளர்த்தார். மணிக்கணக்கில் கண்ணை எடுக்காமல் உற்றுநோக்கினார். கோல்கள் நீண்டு நூல்களாயின. பின்னர் நூல்களுக்குள்ளே முத்துச்சரம் போல ஒளிரும் மணிகள் தோன்றின. நூல்கள் சிதைந்தன; மணிகள் எஞ்சின. அவையே வித்துகள்.

உலர்ந்தபோதும் வித்துகள் சாகவில்லை. நெடுநாள் கழித்துப் புதிய நீர்த்துளியில் இட்டதும் மீண்டும் கோல்களாக முளைத்தன. புல்வெளியின் புதிர் அவிழ்ந்தது. குளிரிலும் காற்றில்லாத இடத்திலும் வித்துகள் உருவாவதில்லை என்பதையும் கோக் கண்டார். ஆகவே இறந்த விலங்குகளை மிக ஆழத்தில் புதைக்குமாறு அறிவுறுத்தினார்.

உணவு அற்றுப்போகும்போது பாக்டீரியா தன் மரபுப்பொருளான டி.என்.ஏ.வைத் தடித்த உறைகளுக்குள் பொதிந்து காக்கும் வழியே வித்தாக்கம். இந்நுண்ணுயிருக்கு உறவான வைக்கோல் பாக்டீரியாவில், ஒரு புரதம் டி.என்.ஏ. இழை நெடுகச் சென்று சோதிக்கிறது. எங்கேனும் பழுது இருந்தால், அது சீராகும்வரை வித்தாக்கம் தாமதமாகிறது. இதனை அறிய அறிவியலாருக்கு இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் தேவைப்பட்டது.

யாரும் அறியாத நாட்டுப்புற மருத்துவரின் சொல்லை யார் நம்புவார்? 1876 ஏப்ரல் 30 ஆம் நாள், கோக் தம் ஆய்வுப் பொருள்களைச் சுமந்துகொண்டு பிரெஸ்லவு நகரிலிருந்த தாவரவியல் பேராசிரியர் பெர்டினாண்ட் கோனிடம் சென்றார். கோன் அப்போது வைக்கோல் பாக்டீரியாவின் வித்துகளைத் தாமே ஆராய்ந்துகொண்டிருந்தார். கோக் சில நாள்கள் அங்கே தங்கி, சோதனைகளை அனைவர் கண்முன்னும் செய்துகாட்டினார். ஐயம் அகன்ற கோன், அக்கட்டுரையைத் தம் இதழிலேயே அவ்வாண்டு வெளியிட்டார்.

அதன்பின் புகழ் விரைந்து வந்தது. 1880 இல் பெர்லினில் பணி கிடைத்தது. 1882 இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து அறிவித்தார். 1884 இல் கல்கத்தாவில் தங்கி ஆராய்ந்து, வாந்திபேதிக் கிருமியை அங்குள்ள குளத்து நீரிலும் கண்டார். காசநோய்க்கு மருந்து கண்டதாக 1890 இல் அவசரப்பட்டு அறிவித்தது மட்டும் பொய்த்துப் பலரை ஏமாற்றியது. வோல்ஸ்டைனில் காட்டிய பொறுமையை அப்போது அவர் காட்டவில்லை. 1905 இல் நோபல் பரிசு பெற்றார். 1910 மே 27 ஆம் நாள் பாடன்-பாடன் நகரில் மறைந்தார்.