கிணற்றடிக்கு வந்த மருத்துவம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. சுண்ணக்கல் படுகையின்மீது அமைந்த அந்த மண்ணில் பெய்யும் மழை, விரைந்து கீழிறங்கி நிலத்தடி நீராகத் தங்குகிறது. குடிக்கவும் பயிர் செய்யவும் கிணறே துணை. மழையை எளிதில் உள்வாங்கும் அதே கல், மனிதக் கழிவையும் எளிதில் உள்வாங்கிக் கிணற்றில் சேர்த்துவிடும். டைபாய்டு என்று நாம் சொல்லும் நோயை இலங்கைத் தமிழர் நெருப்புக் காய்ச்சல் என்கின்றனர். அங்கே அந்த நோய் தலைமுறை தலைமுறையாக நிலைகொண்டிருந்ததற்கு இந்த நிலவியல்பும் ஒரு காரணம்.

அந்தக் கிணற்று நாட்டுக்கு 1847 அக்டோபரில் ஓர் அமெரிக்க இளைஞர் வந்து சேர்ந்தார். பெயர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1822 அக்டோபர் 10 அன்று மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் பிறந்தவர். 1845-இல் நியூயார்க்கில் மருத்துவப் பட்டம் பெற்றவர். அவர் படித்த நியூயார்க், 1832-இல் காலராவால் பேரழிவைச் சந்தித்த நகரம். 1842-இல்தான் குரோட்டன் ஆற்றின் தூய நீர் அங்குக் கால்வாய் வழியே வந்து சேர்ந்தது. நகரங்கள் நீரால் நோயுறுவதும் நீரால் நலம் பெறுவதும் அன்றைய நியூயார்க்கில் கண்முன்னே நிகழ்ந்தவை.

ஆயினும், நோயின் உண்மையான காரணம் அப்போது எவருக்கும் தெரியாது. காலரா நீரின் வழியே பரவுகிறது என்று லண்டனில் ஜான் ஸ்னோ எழுதியது 1849-இல். டைபாய்டும் நோயாளியின் கழிவு கலந்த நீரால் பரவக்கூடும் என்று இங்கிலாந்தின் வில்லியம் பட் வாதிட்டது 1850-களில். டைபாய்டு கிருமியை ஜெர்மானியரான கார்ல் எபெர்த் கண்டறிந்தது 1880-இல். கிருமியின் முகம் தெரியாத அந்தக் காலத்தில்தான் கிறீன் தம் பணியைத் தொடங்கினார்.

அவருக்கு முன்பே, 1820 முதல், ஜான் ஸ்கட்டர் என்ற அமெரிக்க மருத்துவர் பண்டத்தரிப்பில் மருத்துவம் செய்திருந்தார். ஸ்கட்டரைப் போலவே கிறீனையும் கடல் கடந்து அனுப்பி வைத்தது கிறித்தவ சமயப் பணிதான். அந்த நோக்கத்தை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. 1848-இல் மானிப்பாயில் மருந்தகம் அமைத்தார். அந்த ஆண்டே உள்ளூர் இளைஞர் சிலருக்கு மருத்துவம் கற்பிக்கவும் தொடங்கினார். இலங்கையில் மேலை மருத்துவக் கல்வி முறையாக வேரூன்றியது மானிப்பாயில்தான். கொழும்பில் அரசு மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது 22 ஆண்டுகள் கழித்து, 1870-இல்.

தொடக்கத்தில் அவர் கற்பித்தது ஆங்கிலத்தில். சில ஆண்டுகளில் ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது. ஆங்கிலத்தில் மருத்துவம் பயின்றவர்கள் அரசுப் பணியையும் நகரத்தையும் நாடிச் சென்றனர். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வாட்டிய சிற்றூர்கள் பழைய நிலையிலேயே கிடந்தன. மருத்துவர் ஊரில் தங்க வேண்டுமானால், அவர் கற்ற மருத்துவமும் ஊரின் மொழியில் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு கிறீன் வந்தார். தமிழை ஆழ்ந்து கற்றார். தம் பள்ளியின் பயிற்றுமொழியைத் தமிழாக்கினார்.

பாடம் நடத்த நூல்கள் வேண்டும். நூல்கள் எழுதக் கலைச்சொற்கள் வேண்டும். அதற்கென ஒரு நெறி வகுத்துக்கொண்டார். முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுவது. கிடைக்காவிடில் வடமொழிச் சொல்லை ஏற்பது. அதுவும் பொருந்தாவிடில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவது. உடலமைப்பும் உடல்நலமும் பற்றிய முதல் நூல் 1850-களில் வெளிவந்தது. தொடர்ந்து மகப்பேற்று மருத்துவம் வந்தது. 1867-இல் அறுவை மருத்துவத்துக்கான 'இரண வைத்தியம்', 1872-இல் நோய்களையும் சிகிச்சையையும் விளக்கும் 'வைத்தியாகரம்', 1875-இல் வேதியியலுக்கான 'கெமிஸ்தம்' என நூல்கள் வரிசையாக வந்தன. ஹென்றி கிரே எழுதிய புகழ்பெற்ற உடற்கூற்று நூல் ஆங்கிலத்தில் வெளியானது 1858-இல். பதினான்கே ஆண்டுகளில் அது 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் தமிழில் இருந்தது. அவருடைய மாணவர்களும் இப்பணியில் உடனிருந்து உழைத்தனர்.

இந்த உழைப்பு வெறும் மொழிப் பற்றால் விளைந்ததன்று. 1866, 1867 ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் காலரா பரவி ஆயிரக்கணக்கான உயிர்களைப் பறித்தது. அத்தகைய வேளையில் ஒரு மருத்துவர் எத்தனை வீட்டுக்குச் செல்ல முடியும்? மலத்தை எங்கே அகற்றுவது, எந்த நீரைப் பருகுவது, உணவை எப்படிக் காப்பது என்பதையெல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் முடிவு செய்பவர்கள் அந்த வீட்டினரே. மருத்துவமனைக்கு வந்த ஒரு நோயாளிக்கு மருந்து தரலாம். ஊரின் பழக்கத்தை மாற்ற, ஊருக்குப் புரியும் சொல் வேண்டும். அந்தச் சொல்லைச் சொல்லக்கூடிய அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்களை கிறீன் உருவாக்கினார்.

உடல்நலம் குன்றி 1873-இல் அவர் தாயகம் திரும்பினார். தமிழ் அவரைவிட்டு நீங்கவில்லை. வூஸ்டரில் இருந்தபடியே மொழிபெயர்த்தார். அச்சுப் பிரதிகளைத் திருத்தினார். 1884 மே 28 அன்று அங்கேயே மறைந்தார். தமிழர்களுக்கு மருத்துவத் தொண்டு புரிந்தவர் என்ற செய்தி அவர் விருப்பப்படியே கல்லறையில் பொறிக்கப்பட்டது.

அவருக்குப் பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. ஆங்கிலம் அறிந்தோர்க்கே பதவியும் ஊதியமும் கிட்டிய காலம் அது. கற்போரின் தயக்கத்தை இன்று நாம் குறை கூறவும் இயலாது. அவர் ஆக்கிய சொற்களில் பல வழக்கொழிந்தன. தமிழில் மருத்துவம் கற்பிக்க இயலுமா என்று கேட்போர்க்கு, ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே கற்பிக்கப்பட்டது என்ற விடை மட்டும் எஞ்சியிருக்கிறது.

டைபாய்டு இன்று புதிராக இல்லை. அதன் கிருமி மனித உடலை அன்றி வேறு உயிரினத்தில் தங்குவதில்லை. நோய் குணமான பின்னும் சிலர் அறியாமலே அதைச் சுமந்து பிறர்க்குப் பரப்புகின்றனர். ஐதராபாத்தில் உருவான புதுவகைத் தடுப்பூசியை, நோய் மிகுந்த நாடுகளின் குழந்தைகளுக்குச் செலுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்தது. பசிபிக் கடலின் சிறு தீவு நாடான சமோவாவும் 2021-இல் அத்தகைய தடுப்பூசியை ஏற்றுக்கொண்டது. பண்டத்தரிப்பில் பணியாற்றிய ஸ்கட்டரின் பேத்தி ஐடா ஸ்கட்டர் வேலூரில் நிறுவிய மருத்துவக் கல்லூரி, இந்தியாவில் இந்நோயின் பரவலை அளவிடும் ஆய்வுகளில் இன்று முன்னிற்கிறது.

இத்தனையும் இருந்தும், கிணற்றருகே கழிவுக்குழி தோண்டாதிருக்கவும், நீரைக் காய்ச்சிப் பருகவும், மருத்துவர் சொன்ன நாள்வரை மருந்தை நிறுத்தாதிருக்கவும் எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். பாதியில் நிறுத்திய மருந்தும், தேவையின்றி உண்ட மருந்தும், மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கின்றன. ஆழ்துளைக் கிணற்றையும் ஏரியையும் நம்பி வாழும் மருங்காபுரி போன்ற வறண்ட வட்டாரங்களுக்கும் இது பொருந்தும். ஆய்வக அறிக்கையும் மருந்துச் சீட்டும் ஆங்கிலத்தில் இருக்க, அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பொருள் விளங்காமல் நிற்கும் தாய் இன்றும் நம் அரசு மருத்துவமனை வாசல்களில் இருக்கிறார்.

வேற்று நாட்டிலிருந்து வந்த ஒருவர், நோயின் கிருமியை அறியாமலேயே, நோய்த் தடுப்பின் முதற்பாடத்தை அறிந்திருந்தார். கிருமியை அறிந்துவிட்ட நாம் அந்தப் பாடத்தை மறக்கலாகாது. ஒவ்வொரு மருந்துச் சீட்டிலும் நான்கு வரி தெளிவான தமிழ் இடம்பெறுவதே கிறீனுக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி.